ஒரே ஆபீஸுக்கு ஐந்து விலை: மைக்ரோசாஃப்ட் எப்படித்தான் விற்கிறது?

கணக்கு_கலா
8 நவம்பர் 2025, இரவு 9:12

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஒரு கணக்கெழுதும் அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஒன்பது பேர், ஒன்பது கணினி. எல்லாம் விண்டோஸ் 7 காலத்தில் வாங்கியவை. இலவசமாகக் கொடுத்த அந்த ஓராண்டுக்குள் 10க்கு மாற்றிக்கொண்டோம். போன மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கும், நாங்கள் வைத்திருக்கும் ஆபீஸ் 2016க்கும் ஒரே நாளில் ஆதரவை நிறுத்திப் பால் ஊற்றிவிட்டார்கள். பழைய பெட்டிகளில் 11 ஏறாதாம். புதிது வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டேன், அதில் புலம்பல் இல்லை.

புலம்பல் ஆபீஸில்தான். ஒரு விற்பனையாளர் ஓராண்டு ஒப்பந்தம் என்று தலைக்கு ஒரு விலை சொன்னார். இன்னொருவர் அதே பெயருள்ள பொருளை மாதா மாதம் எடுத்தால் 20 விழுக்காடு கூட என்றார். கணினிக் கடைக்காரர் ஒரே தடவை பணம் கட்டும் 2024 பதிப்பை எடுக்கச் சொல்கிறார். அக்கா மகன், குடும்பப் பொதியில் ஆறு பேர் சேரலாம், இரண்டு வாங்கினால் எல்லாருக்கும் போதும் என்கிறான். இணையச் சந்தையிலோ 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) 'ஆயுள் முழுக்க' என்று ஒரு கீ, அதாவது மென்பொருளைத் திறக்கும் எண், கிடைக்கிறது.

வெண்டைக்காய்கூட கடைக்குக் கடை ஐம்பது சென்தான் மாறும். ஒரே நிறுவனம், ஒரே எக்செல், எப்படி ஐந்து விலை? நான் எங்கே ஏமாறப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலிவுமணி
இரவு 9:31

25 வெள்ளியை எடுங்கள் அக்கா. என்னிடம் மூன்று வருடமாக ஓடுகிறது. மிச்சப் பணத்தில் ஊழியர்களைப் பினாங்குக்குக் கூட்டிப்போய் நாசி கண்டார் வாங்கிக் கொடுங்கள். நான் வாங்கிய கடையின் இணைப்பு கீழே.

[இணைப்பு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
இரவு 9:35

மணி, கீ விற்கும் கடைகளின் இணைப்பை இங்கே போடக் கூடாது. நாசி கண்டார் கடை இணைப்பு போடலாம்.

திருகாணி
இரவு 9:58

புக்கிட் பிந்தாங் பக்கம் இருபது வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். 25 வெள்ளிக் கீ எல்லாம் ஒரே ரகம் இல்லை. என் மேசைக்கு வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக ஒரு கீ கொடுப்பார்கள், அதை வைத்து நூற்றுக்கணக்கான கணினிகளைச் செயல்படுத்தலாம். அங்கே யாரோ அதை வெளியே விட்டுவிடுகிறார். கை மாறிக் கை மாறி உங்களிடம் வருகிறது. ஆபீஸ் பெயரில் 'புரொஃபஷனல் பிளஸ்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள், அது கடைத்தட்டில் வைத்து விற்பதற்கான பதிப்பே இல்லை. 'திரையில் வரும் நீள எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள், பதில் எண் தருகிறேன்' என்று விற்பவர் சொன்னாலும் இதே கதைதான். அந்தக் கீயை இணையம் வழியாகச் செயல்படுத்தும் எண்ணிக்கை தீர்ந்துபோய், தொலைபேசி வழியில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலரிடம் கீயே இருக்காது. பெரிய அலுவலகங்களில் கேஎம்எஸ் என்று ஒரு சர்வர் உண்டு. கணினிகள் 180 நாளுக்குள் ஒரு தடவையாவது அதனிடம் போய் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அந்த சர்வர் மாதிரி நடிக்கும் ஒரு நிரலைப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். கலா மேடம், உங்கள் கணினியில் அடுத்தவர்களின் வருமானவரிக் கணக்கு இருக்கிறது. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இருப்பதிலேயே மோசம் 'ஆயுள் முழுக்க 365, கூடவே 5 டெராபைட் ஒன்டிரைவ்' என்பது (365 என்றால் சந்தா ஆபீஸ், ஒன்டிரைவ் என்றால் அவர்களின் இணையச் சேமிப்பு). ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வரும். அது எங்கோ ஒரு கல்லூரியின் கணக்காக இருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் கல்யாணப் படம் எடுப்பவர், இப்படி ஒன்றை வாங்கி எல்லாப் படங்களையும் ஏற்றிவைத்திருந்தார். ஒரு நாள் காலையில் உள்ளே போனால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. பதினொரு கல்யாணம். கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். கணினியில் ஒன்றும் இல்லையே, நான் எதை மீட்பது?

மலிவுமணி
இரவு 10:04

என்னுடையது விண்டோஸ் கீ. ஓடுகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திருகாணி
இரவு 10:06

ஓடும் தம்பி. பூட்டு திறக்கிறது என்பதால் வீடு உன் பெயரில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

பெர்ரி_பயணி
இரவு 11:20

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கலா கேட்டது எது மலிவு என்பதை அல்ல, ஏன் ஐந்து விலை என்பதை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980இல் ஐபிஎம் தன் முதல் பிசிக்கு இயங்குதளம் தேடியபோது மைக்ரோசாஃப்டிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்து வைத்திருந்ததை வாங்கித் திருத்தி ஐபிஎம்முக்குக் கொடுத்தார்கள். விற்கவில்லை, உரிமம் மட்டும் கொடுத்தார்கள். அதை மற்றவர்களுக்கும் கொடுக்கும் உரிமையை பில் கேட்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதைப் பார்த்து நகல் பிசி செய்தவர்கள் எல்லாரும் மைக்ரோசாஃப்ட் வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அந்த நிறுவனத்தின் பழக்கம் இதுதான்: உங்களுக்கு விற்பவரிடம் விற்பது. உங்களிடம் நேராக விற்பது கொஞ்சம்தான்.

கணினி செய்பவர் வழியாகப் போகும் இந்த வழிக்கு ஓஇஎம் என்று பெயர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு கணினித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தேன். அப்போது பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர், அதில் 25 எழுத்துகள். அந்த ஸ்டிக்கர் சுருளை இரும்பு அலமாரியில் பூட்டிவைப்போம். எண்ணிக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் கிழிந்த துண்டையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு ஸ்டிக்கர் குறைந்து, இரவு மாற்று வேலையில் இருந்த அத்தனை பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் ஒரு பெண்ணின் காலணி அடியில் ஒட்டியிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததும் அந்தக் கூத்து முடிந்தது. பெரிய நிறுவனங்களின் கணினிகளில் கீயை மதர்போர்டிலேயே எழுதிவிடுகிறார்கள். இப்போது வாங்கும் மடிக்கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்றினால் கீ கேட்காதது அதனால்தான்.

அந்த விண்டோஸ் மலிவு. காரணம், அது அந்தப் பெட்டியை விட்டு இறங்காது. பெட்டி செத்தால் அதுவும் செத்தது. சிக்கல் வந்தால் மைக்ரோசாஃப்டைக் கூப்பிட முடியாது, பெட்டி செய்தவரைத்தான் கேட்க வேண்டும். கடையில் தனியாக வாங்கும் விண்டோஸ் விலை கூட, ஆனால் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். நிரல் ஒன்றுதான், உங்களுக்குக் கொடுத்த அனுமதி வேறு. ஐந்து விலைக்கும் அடிப்படை இதுதான் கலா.

இதில் ஓர் அடாவடியும் நடந்தது. விண்டோஸோ அதற்கு முந்தைய டாஸோ போட்டாலும் போடாவிட்டாலும், செய்யும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கணினி செய்பவர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். வேறு இயங்குதளம் போட்டால் இரண்டு பேருக்குக் கட்ட வேண்டும், எவன் போடுவான்? அமெரிக்க நீதித் துறை 1994இல் அதை நிறுத்த வைத்தது. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று.

பெங்குவின்_மச்சான்
இரவு 11:41

குளுகோரிலிருந்து வணக்கம். இத்தனை கதைக்கும் ஒரே பதில்: லிப்ரே ஆபீஸ். விலை சுழியம். 2004இலேயே நம் அரசாங்கம் பொதுத்துறைக்குத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது, தெரியுமா? அப்போதே எல்லாரும் மாறியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

கணக்கு_கலா
9 நவம்பர், காலை 7:50

மச்சான், போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தணிக்கையாளர் அனுப்பும் எக்செல் கோப்பில் மேக்ரோ, அதாவது தானாகக் கணக்குப் போடும் சிறு நிரல், இருக்கும். லிப்ரேயில் திறந்தால் பாதி வேலை செய்கிறது, மீதி பாதி தவறான எண்ணைக் காட்டுகிறது. வேலையே செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை, தவறான எண் என்றால் என் தொழில் போச்சு.

பெர்ரி ஐயா, ஸ்டிக்கர் கதைக்கு நன்றி. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார்.

சுண்ணக்கட்டி
காலை 8:22

செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்களுக்கு டெலிமா என்ற கல்வி அமைச்சின் இணையத்தளக் கணக்கு வழியாக ஆபீஸ் வருகிறது. ஒரு சென் கட்டியதில்லை. அது எப்படி?

டவர்_லிஃப்ட்
காலை 9:05

யாரோ கட்டுகிறார்கள் டீச்சர், அல்லது நாளைக்குக் கட்டுவார்கள் என்று இன்றைக்கு விட்டுவைக்கிறார்கள். டெலிமா 2020இல் தொடங்கியபோது கல்வி அமைச்சோடு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றும் கைகோத்தன. பகைவர்கள் மூவரும் ஒரே பந்தியில். பத்து வயதில் வேர்டில் கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளை, வேலைக்குப் போனதும் வேறு எதையும் தொடாது. 1998இல் பில் கேட்ஸே ஒரு மேடையில், சீனர்கள் எப்படியும் திருடத்தான் போகிறார்கள், திருடுவது எங்களுடையதாக இருக்கட்டும் என்ற பொருளில் பேசினார். கொம்தார் மாடியிலும் இம்பி பக்கமும் நாம் வாங்கிய திருட்டு சிடிகளும் ஒரு வகையில் அவர்களுக்குச் செலவில்லாத விளம்பரம்தான்.

நான் கேஎல்சிசி பக்கம் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களுடையது எண்டர்பிரைஸ் அக்ரிமெண்ட். குறைந்தது 500 பேர், மூன்று வருட ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒரு தடவை தலை எண்ணிக் கூடுதலானவர்களுக்குக் கட்ட வேண்டும். தலை கூடக் கூட விலை இறங்க நாலு படி இருந்தது: 500, 2,400, 6,000, 15,000. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து கிளவுட் சேவைகளுக்கு அந்தப் படிகளை எடுத்துவிட்டார்கள். புதுப்பிக்கும்போது எல்லாரும் ஒரே விலை. எங்கள் நிதி இயக்குநர் மூன்று நாளாகக் கோப்பி குடிக்கவில்லை.

மலிவுமணி
காலை 9:40

சரி, ஒரு சந்தேகம். இணையம் இருக்கிறது, கடன் அட்டை இருக்கிறது. நேராக விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? நடுவில் எதற்கு இத்தனை கை? ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் ஒட்டுமே.

பெர்ரி_பயணி
காலை 10:30

நல்ல கேள்வி. தொழிற்சாலைக்குப் பிறகு ஒன்பது வருடம் ஒரு மொத்த விநியோகஸ்தரிடம் இருந்தேன், அதனால் அந்தக் கை என் கைதான்.

மைக்ரோசாஃப்ட் நாடு நாடாகச் சில மொத்த விநியோகஸ்தர்களோடுதான் பேசும். இன்கிராம் மைக்ரோ மாதிரி ஆட்கள். அவர்களிடமிருந்து நூற்றுக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் எடுப்பார்கள். மென்பொருளை அட்டைப் பெட்டியில் வைத்து விற்ற காலத்தில் இதில் மர்மம் ஒன்றும் இல்லை, கிடங்கு வேண்டும், லாரி வேண்டும். பெட்டி போன பிறகும் ஏன் இருக்கிறார்கள் என்றால், கடன். ஈப்போவில் உள்ள சின்னக் கடைக்காரருக்கு முப்பது நாள், அறுபது நாள் கடன் கொடுத்து, அவர் கட்டாவிட்டால் வாசலில் போய் உட்காருவது யார்? அமெரிக்காக்காரனா வருவான்? நான் போயிருக்கிறேன். ஒரு கடையில் பணத்துக்குப் பதில் இரண்டு அச்சுப்பொறி கொடுத்து அனுப்பினார்கள்.

வணிக வருமானத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாளிகள் வழியாகத்தான் வருகிறது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிக்கொள்கிறது. ஆனால் வழி மாறிவிட்டது. 2011இல் ஆபீஸ் 365 வந்தது. 2014இல் சிஎஸ்பி என்ற கூட்டாளித் திட்டம் வந்தது, சிறு விற்பனையாளர் மாதச் சந்தாவை விற்கிறார், விலையை அவர் வைக்கிறார், ரசீதும் அவருடையது. சின்ன அலுவலகங்கள் ஐந்து பத்து உரிமமாக வாங்கிய பழைய ஓபன் லைசன்ஸ் முறை 2022 தொடக்கத்தோடு மூடப்பட்டது. அதே ஆண்டு சிஎஸ்பி விதிகளையும் இறுக்கினார்கள். இப்போது ஆண்டு ஒப்பந்தம் போட்டால், மனம் மாறினால் ரத்து செய்ய ஏழு நாள்தான். எட்டாவது நாள் நீங்கள் கடையை மூடிவிட்டுப் போனாலும் மிச்சப் பதினொரு மாதச் சொச்சத்துக்கு விற்பனையாளர் மைக்ரோசாஃப்டுக்குக் கட்டியே ஆக வேண்டும். அதனால்தான் உங்களிடம் முன்பணம் கேட்கிறார், மாதா மாதம் என்றால் முகம் சுளிக்கிறார். அந்த 20 விழுக்காடு கூட அவர் போட்டதில்லை, மேலேயே அப்படித்தான். ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதத் தவணையில் கட்டினால் இந்த ஏப்ரல் முதல் 5 விழுக்காடு கூடுதல்.

முழு ஆபீஸும் உள்ள பிசினஸ் ஸ்டாண்டர்ட் சந்தாவின் அமெரிக்கப் பட்டியல் விலை தலைக்கு மாதம் 12.50 டாலர். ரிங்கிட் விலை வேறாக இருக்கும், கணக்குக்காகச் சொல்கிறேன். ஒன்பது பேருக்கு ஆண்டு முன்பணமாக 1,350. ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை என்றால் 1,417.50. ஒப்பந்தம் இல்லாமல் மாதா மாதம் என்றால் 1,620. மேலே 8 விழுக்காடு சேவை வரி.

கணக்கு_கலா
காலை 11:02

அப்படியென்றால் முதல் இரண்டு விற்பனையாளர்களும் ஏமாற்றவில்லை, வேறு வேறு ஒப்பந்தத்துக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். இதை அவர்களே சொல்லியிருக்கலாமே! இரண்டு கோட்டேஷனிலும் பொருளின் பெயரும் தொகையும் மட்டும்தான் இருந்தன.

போன வருடம் மே மாதம் சத்யா நாதெல்லா கோலாலம்பூர் வந்து 220 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தாரே, இங்கேயே தரவு மையமும் திறந்தாயிற்று. விலை குறையாதா?

டவர்_லிஃப்ட்
காலை 11:10

பக்கத்துத் தெருவில் மில் வந்தால் அரிசி விலை குறையுமா மேடம்? தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு, விலைப்பட்டியலை எங்கே எழுதுகிறார்கள் என்பது வேறு.

சட்டப்புள்ளி
காலை 11:47

குடும்பப் பொதி பற்றி யாரும் தொடவில்லை. அது சொந்த உபயோகத்துக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆறு பேரும் ஒரே ரத்தமா என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லைதான். ஆனால் கணக்கு அலுவலகம் அதில் ஓடக் கூடாது. வீட்டுக்கு வாங்குபவர்களுக்கும் ஒன்று: போன ஆண்டு இறுதியில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து விலையைக் கூட்டினார்கள். கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டம், ரத்து செய்யும் பக்கம் வரை போனால்தான் தெரியும்படி வைத்திருந்தார்கள் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் போன மாதம் வழக்குத் தொடுத்திருக்கிறது. சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்கள் சம்பந்தப்பட்டது.

மணிக்கு: நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 41. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் உரிமை மீறிய நகலை வைத்திருந்தால், நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று நகலுக்கு மேல் போக வேண்டியதில்லை, மூன்று இருந்தாலே வீட்டு உபயோகம் அல்ல என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ஒன்பது கணினி உள்ள அலுவலகம் எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவுமணி
மதியம் 12:15

ஐரோப்பாவில் பழைய உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பே இருக்கிறதாம். நான் வாங்கிய கடை அதைத்தான் போட்டிருந்தது.

சட்டப்புள்ளி
மதியம் 12:31

இருக்கிறது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆரக்கிள் வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. காலவரையில்லாமல் வாங்கிய உரிமத்தை விற்கலாம், ஆனால் விற்பவர் தன் நகலைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், மொத்தமாக வாங்கியதைப் பிய்த்துப் பிய்த்து விற்கக் கூடாது. அதுவும் ஐரோப்பாவுக்குள் பொருந்தும் தீர்ப்பு. உங்கள் 25 வெள்ளிக் கீயோடு, முதலில் வாங்கியவர் யார், அவர் தன் நகலை அழித்தாரா என்று ஒரு தாளாவது வந்ததா?

மலிவுமணி
மதியம் 12:33

ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு செய்தி வந்தது.

திருகாணி
மதியம் 1:20

சிரித்துவிட்டேன். சரி, பெர்ரி அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. சந்தாவைப் பற்றிப் பேசிப் பேசி ஒரே தடவை வாங்கும் 2024 பதிப்பை மறந்துவிட்டார். ஹோம் அண்ட் பிசினஸ் 2024, அமெரிக்கப் பட்டியல் விலை 249.99 டாலர். அவுட்லுக்கும் உண்டு, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். 2029 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒன்பது கணினிக்கு ஏறக்குறைய 2,250 டாலர், நாலு வருடம் கவலையில்லை. ஸ்டாண்டர்டு சந்தா நாலு வருடத்துக்கு 5,400. இந்த வித்தியாசத்தை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார்.

பெர்ரி_பயணி
மதியம் 2:05

மறக்கவில்லை தம்பி, அடுத்த பதிவுக்கு வைத்திருந்தேன். ஆனால் அது கணினிக்கு ஒன்று. சந்தா ஆளுக்கு ஒன்று, ஒரே ஆள் ஐந்து கணினி, ஐந்து டேப்லெட், ஐந்து கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாம். சொந்த டொமைனில் (அலுவலகத்தின் பெயரிலான இணைய முகவரியில்) மின்னஞ்சலும் ஒரு டெராபைட் இடமும் உண்டு. கலாவின் அலுவலகம் இப்போது எந்த மின்னஞ்சலில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கு_கலா
மதியம் 2:18

கேட்க வேண்டாம். இலவச மின்னஞ்சல்தான். ஒன்பது பேருக்கும் ஒரே கடவுச்சொல்.

திருகாணி
மதியம் 2:19

கடவுளே.

பெர்ரி_பயணி
மதியம் 2:44

சந்தா எடுத்தால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். கணக்கைத் தொடங்கும்போது தலைமை நிர்வாகி யார் என்று பாருங்கள். என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பட்டறை வைத்திருப்பவர், எல்லாவற்றையும் விற்பனையாளரிடமே விட்டுவிட்டார். டொமைன், நிர்வாகிக் கணக்கு இரண்டும் அந்த ஆளின் பெயரில். சண்டை வந்து வேறொருவரிடம் மாற நினைத்தபோது, தன் சொந்த மின்னஞ்சலுக்கே மூன்று வாரம் கெஞ்சினார். சந்தாவை ஒரு கூட்டாளியிடமிருந்து இன்னொருவரிடம் மாற்ற வழி இருக்கிறது, அதைத் தொடங்கும் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். டொமைனை நீங்களே உங்கள் அட்டையில் வாங்குங்கள். விற்பனையாளருக்கு எந்த அளவுக்கு அனுமதி வேண்டுமோ அதை மட்டும் கொடுங்கள்.

கணக்கு_கலா
11 நவம்பர், இரவு 8:37

இரண்டு நாள் கணக்குப் போட்டேன், தொழில் அதுதானே. என்னிடம் நாலு பேர் ரசீதைப் பதிவு செய்வது மட்டும்தான். அவர்களுக்கு பிரவுசரில் ஓடும் பிசினஸ் பேசிக் போதும், பட்டியல் விலை மாதம் 6 டாலர். ஐந்து பேருக்கு முழு எக்செல் வேண்டும்.

ஐந்து ஸ்டாண்டர்டு, நாலு பேசிக் என்றால் ஆண்டுக்கு 1,038 டாலர், நாலு வருடத்துக்கு 4,152. ஐந்து கணினிக்கு மட்டும் 2024 பதிப்பை வாங்கி, மின்னஞ்சலுக்காக ஒன்பது பேருக்கும் பேசிக் எடுத்தால் முதலில் 1,250, பிறகு ஆண்டுக்கு 648, ஆக நாலு வருடத்தில் 3,842. வித்தியாசம் 310 டாலர். நாலு வருடத்துக்கு இது ஒன்றுமே இல்லை.

ஆனாலும் இரண்டாவதைத்தான் எடுத்தேன். சந்தா விலை இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை, 1,250க்கு ரசீது என் மேசையில் இருக்கிறது. டொமைன் என் அட்டையில். ஒப்பந்தம், தவணை, வரி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி புது கோட்டேஷன் கேட்டேன், முதலில் பேசிய விற்பனையாளரே தந்தார். அவருக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

அக்கா மகனுக்குக் குடும்பப் பொதியின் ஒப்பந்தத்தை அச்சடித்துக் கொடுத்தேன். படிக்கவில்லை.

பெங்குவின்_மச்சான்
இரவு 8:55

அந்த நாலு பேருக்காவது லிப்ரே…

கணக்கு_கலா
இரவு 8:56

இல்லை மச்சான்.

சுண்ணக்கட்டி
இரவு 9:10

மேடம், அந்தப் பழைய ஒன்பது கணினி? எங்கள் பள்ளி நூலகத்தில் இரண்டுதான் இருக்கின்றன, அதில் ஒன்று தூங்கினால் எழுந்திருக்காது.

கணக்கு_கலா
இரவு 9:14

வட்டுகளைத் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். துடைப்பது திருகாணி அண்ணன் பொறுப்பு. விண்டோஸ் 10தான் நின்றுபோச்சே, பிள்ளைகளுக்கு என்ன போடுவீர்கள்?

பெங்குவின்_மச்சான்
இரவு 9:15

சனிக்கிழமை பேருந்து பிடிக்கிறேன். லினக்ஸ் யுஎஸ்பி நாலு கையில் இருக்கிறது.

பெர்ரி_பயணி
இரவு 9:40

பெட்டியின் பக்கவாட்டில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கும் பாருங்கள். பிள்ளைகளை அதை உரிக்க விடாதீர்கள். அந்த உரிமம் பெட்டியோடு பள்ளிக்குச் சேர்ந்துவிட்டது. மச்சான் லினக்ஸ் போட்டாலும் ஸ்டிக்கர் இருக்கட்டும். அதில் ஒன்றை நான் ஒட்டியிருந்தாலும் இருப்பேன்.